அடுத்த பேட்ச் பிள்ளைங்களும் திறந்து வேலை செய்யற மாதிரி லோகோவும் டிசைன் கிட்டும் எப்படி தயார் பண்றது

எங்க நெட்வொர்க் ஆரம்பிச்சு ரெண்டாவது வருஷம். யூனி பிள்ளைங்க சேர்ந்து வாரக்கடைசியில எஸ்.பி.எம் (மலேசியாவுல பள்ளி முடிக்கறப்போ எழுதற பரீட்சை) எழுதப்போற தம்பி தங்கச்சிங்களுக்கு இலவசமா பாடம் சொல்லிக்கொடுக்கறோம், கோலாலம்பூர்ல ரெண்டு சென்டர், பினாங்குல ஒண்ணு. ஒரு தடவை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல மறுநாள் காலையில எட்டு மணிக்கு கிளாஸ், முதல் நாள் சாயந்திரம் பண்டிங் (நீளமா தொங்கவிடற பேனர்) அடிக்கணும், லோகோ ஃபைல் எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியல. வரைஞ்ச சீனியர் மேல்படிப்புக்கு வெளிநாடு போயிட்டாங்க, ஃபைல் இருந்த டிரைவ் அவங்க யூனி ஈமெயில்ல இருந்துச்சு, படிப்பு முடிஞ்சதும் அந்த ஈமெயிலையே மூடிட்டாங்க. கடைசில வாட்ஸ்ஆப் குரூப்ல கிடைச்ச ஒரு சின்ன படத்தை எடுத்து ரெண்டடிக்கு அஞ்சடி பண்டிங்ல இழுத்து அடிச்சோம். எழுத்து ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி, மெய்யெழுத்து மேல இருந்த புள்ளி பாதி காணோம். அன்னைக்கு ஒரு அம்மா அதைப் பாத்துட்டு "என்னப்பா எழுதியிருக்கு"ன்னு கேட்டாங்க. அது எனக்கு இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து செஞ்சு, லோகோ, ஃபாண்ட், டெம்ப்ளேட் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கற ஒரு டிசைன் கிட்டா வெச்சோம், இந்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சு. தன்னார்வலர் குழுவுல யாரும் நிலையா இருக்க மாட்டாங்க, டிகிரி மூணு நாலு வருஷம், அதுல உருப்படியா வேலை செய்யறது ஒன்றரை ரெண்டு வருஷம்தான். அப்போ நீங்க செய்யற டிசைன் உங்களுக்கு இல்ல, இன்னும் உங்களைப் பாக்காத ஒரு முதல் வருஷ பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை யாரையும் கேக்காம, காசு கட்டாம, சொந்த லேப்டாப்ல ராத்திரி பத்து மணிக்கு ஃபைலைத் திறந்து மாத்தி காலையில போட்டோஸ்டேட் கடையில அடிக்க முடியணும். நான் ஓப்பன் டிசைன்னு சொல்றது இதைத்தான். கீழ சொல்ற ஒவ்வொரு முடிவும் இதுக்காகவே எடுத்தது.

முதல்ல பேச்சு, அப்புறம்தான் பென்சில்

லோகோ போட்டி வெச்சு குரூப்ல ஓட்டு எடுக்காதீங்க. நூறு பேர் இருக்கற குரூப்ல ஓட்டு விட்டா "ரெண்டாவதுல இருக்கற கலரும் மூணாவதுல இருக்கற விளக்கும் சேத்துடலாம்"னுதான் வரும், கடைசில யாருக்கும் புடிக்காத ஒண்ணு மிஞ்சும், தோத்த பிள்ளைங்க அடுத்த மாசம் கிளாஸுக்கே வர மாட்டாங்க. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி செய்யற மொசில்லா 2016-ல தன்னோட லோகோவை மாத்தினப்போ வேலை நடக்க நடக்க வரைபடங்களை எல்லாரும் பாக்கற மாதிரி வெளியில போட்டு கருத்து கேட்டாங்க, ஆனா பொதுவுல ஓட்டு விடல, முடிவை அவங்களே எடுத்து 2017 ஜனவரியில அறிவிச்சாங்க. அந்த வழி எனக்கு சரின்னு படுது. காரணம் எல்லாருக்கும் தெரியணும், எல்லாரும் கேள்வி கேக்கலாம், ஆனா முடிவு மூணு நாலு பேர் கையில இருக்கணும், அந்த நாலு பேர் யாருன்னு முன்னாடியே சொல்லிடணும்.

கேக்க வேண்டிய கேள்வியும் வேற. "எந்த லோகோ அழகு"ன்னு கேக்காதீங்க. இது எங்கெல்லாம் போகப்போகுதுன்னு கேளுங்க. நாங்க ஒரு தாள்ல எழுதினோம், கறுப்பு வெள்ளை போட்டோஸ்டேட் நோட்ஸ், ஒரே கலர்ல அடிக்கற டீ சட்டை, வாட்ஸ்ஆப் குரூப்போட சின்ன வட்டப் படம், பண்டிங், சர்டிஃபிகேட், வெள்ளைப் பலகை. இந்த லிஸ்ட்டை வெச்சுப் பாத்தா பாதி ஐடியா தானா விழுந்துடும். கலர் கலரா நிழல் விழற லோகோ போட்டோஸ்டேட்ல சாம்பல் கறையா வரும். டீ சட்டைல சில்க் ஸ்கிரீன் அடிச்சா ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன், தனி காசு, நம்மகிட்ட இருக்கறது டியூஷன் பிள்ளைங்களோட நோட்ஸ் காசு.

குத்துவிளக்கு, மயில், பட்டமளிப்புத் தொப்பி, திறந்த புத்தகம், இதெல்லாம் ஏற்கனவே நூறு சங்கத்துல இருக்கு, தூரத்துல இருந்து பாத்தா எது யாருதுன்னு தெரியாது. யூனி சின்னத்தையும் தொடாதீங்க, நாட்டுச் சின்னத்தையும் தொடாதீங்க, ரெண்டும் நமக்கு சொந்தமில்ல, அனுமதி இல்லாம போட்டா பிரச்சனை நம்ம பிள்ளைங்க தலையிலதான் விழும். கலர் எடுக்கும்போது கட்சிக்கொடிங்களையும் ஒரு தடவை பாத்துக்கோங்க, தேர்தல் நேரத்துல நம்ம பண்டிங் வேற ஒருத்தரோட பண்டிங் மாதிரி தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல மண்டபம் குடுக்க யோசிப்பாங்க.

நாங்க கடைசியா எடுத்தது புள்ளி. மூணுக்கு மூணு, ஒன்பது புள்ளி, அதை சுத்தி ஓடற ஒரு கோடு, வாசல்ல அம்மா போடற புள்ளிக்கோலம் மாதிரிதான். கோலமும் ரொம்ப பாத்ததுதானேன்னு ஒரு தங்கச்சி கேட்டா, நியாயமான கேள்வி. ஆனா நாங்க கோலத்தை படமா எடுக்கல, விதியா எடுத்தோம். புள்ளி மாறாது, கோடு மாறலாம். பினாங்கு சென்டர் தனக்குன்னு ஒரு கோடு போட்டுக்கலாம், நாளைக்கு ஈப்போல தொடங்கினா அவங்களும் போட்டுக்கலாம், எல்லாத்தையும் பக்கத்துல வெச்சா ஒரே குடும்பம்னு தெரியும். டிசைன் படிக்காத பிள்ளையும் மார்க்கர் பேனா எடுத்து வெள்ளைப் பலகையில அரை நிமிஷத்துல வரையலாம். உங்க லோகோவுக்கு இந்தப் பரீட்சை வெச்சுப் பாருங்க, கையால வரைய முடியலைன்னா இன்னும் சுலபமாக்கணும்.

எழுத்து விஷயம், இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க

நிறைய பேர் இங்கிலீஷ் இனிஷியலை வெச்சு லோகோ பண்ணிட்டு தமிழை அடியில சின்னதா ஒட்டறாங்க. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு கிடையாது, அதனால மூணு கேப்பிட்டல் எழுத்துல நிக்கற லோகோவை அப்படியே தமிழுக்கு கொண்டுவர முடியாது. தமிழ்ல முதல்ல எழுதுங்க, அப்புறம் மலாய், இங்கிலீஷைப் பக்கத்துல பொருத்துங்க. தமிழ் வார்த்தை நீளமா இருக்கும், பல்கலைக்கழகம்னு எழுதினாலே பாதி வரி போயிடும், அதை முன்னாடியே கணக்குல எடுத்துட்டா மத்த மொழி தானா உள்ள உக்காந்துடும், தலைகீழா செஞ்சா ஒவ்வொரு போஸ்டர்லயும் தமிழைத்தான் நசுக்குவீங்க.

ஃபாண்ட் எடுக்கும்போது அழகை விட லைசென்ஸை முதல்ல பாருங்க. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சா எழுத்து யூனிகோட்ல (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இருக்காது, வேற கம்ப்யூட்டர்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும், காப்பி பண்ணி ஃபேஸ்புக்ல ஒட்ட முடியாது, தேட முடியாது. மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் 1985-லயே முரசுங்கற தமிழ் மென்பொருளைச் செஞ்சவர், அவர் உருவாக்கின இணைமதி எழுத்து ஆப்பிள் கம்ப்யூட்டர்லயே வருது, பாக்கவே பெருமையா இருக்கும். ஆனா அது அந்த மெஷினோட வர்ற ஃபாண்ட், நம்ம கிட்ல போட்டு விண்டோஸ் வெச்சிருக்கற பிள்ளைக்கு குடுக்க நமக்கு உரிமை இல்ல. அதனால கிட்டுக்கு ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல இருக்கறதை மட்டும் எடுங்க. முக்த மலர், கட்டமரான், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசமா இருக்கு. இந்த லைசென்ஸ்ல ஃபாண்டை பயன்படுத்தலாம், பகிரலாம், மாத்தவும் செய்யலாம், ஃபாண்டை மட்டும் தனியா விக்கக்கூடாது. பெரும்பாலும் ஒரே ஃபேமிலியில தமிழும் ரோமன் எழுத்தும் சேத்தே வரைஞ்சிருப்பாங்க, அதனால மலாயும் தமிழும் பக்கத்துல பக்கத்துல வந்தாலும் ஒண்ணு தடிப்பா ஒண்ணு மெலிசா தெரியாது. கட்டமரான்ல மெலிசுல இருந்து தடிப்பு வரைக்கும் ஒன்பது எடை இருக்கு, தலைப்புக்கும் உடம்புக்கும் ஒரே ஃபாண்டே போதும். நாங்க ஒரே ஒரு ஃபாண்ட்தான் எடுத்தோம், ரெண்டு எடை, அதுக்கு மேல கிட்ல இல்ல, அதனாலதான் நூறு போஸ்டர் நூறு பேர் செஞ்சும் ஒண்ணு போல இருக்கு.

எழுத்து வைக்கறப்போ கவனிக்க வேண்டியது சிலது. தமிழுக்கு எழுத்து இடைவெளி இழுக்காதீங்க, இங்கிலீஷ்ல ஸ்டைலா இருக்கும், தமிழ்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். வரிக்கு வரி இடம் நிறைய விடுங்க, மேல கீ, ணீ சுழி, கீழ கூ, மூ வால், நாங்க எழுத்து அளவுல ஒன்றரை மடங்கு வெச்சிருக்கோம். சாய்வெழுத்து வேணாம், அழுத்தம் வேணும்னா தடிப்பை மாத்துங்க. அப்புறம் புள்ளி. க-வும் க்-கும் வேற எழுத்து, புள்ளி போச்சுன்னா அர்த்தம் போச்சு. லோகோவை ரொம்ப சின்னதாக்கி, பதினாறு பிக்சல்ல, அப்புறம் போட்டோஸ்டேட்டோட போட்டோஸ்டேட் எடுத்து, புள்ளி நிக்குதான்னு பாருங்க. ண, ஞ மாதிரி எழுத்துல சுழிக்குள்ள மை அடைச்சுக்கும், சட்டையில தையல் போட்டா இன்னும் மோசம். நாங்க லோகோ எழுத்துல புள்ளியை ஃபாண்ட்ல இருந்ததை விட கொஞ்சம் பெரிசாக்கினோம், அந்த ஒரு மாற்றத்துக்காக ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டோம், அது வீண்போகல.

கலருக்கு அவ்வளவு பேச வேணாம். முதல்ல கறுப்புல முடிங்க, அப்புறம் ஒரு அடர்ந்த கலர், ஒரு வெளிச்சக் கலர். வெள்ளை மேல மஞ்சள்ல எழுதாதீங்க, சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒளி வித்தியாசம் 1.07-க்கு 1தான், படிக்கறதுக்கு குறைஞ்சது 4.5-க்கு 1 வேணும், அதைக் கணக்குப் போட்டு சொல்ற இலவச கருவிங்க நிறைய இருக்கு. நாங்க மஞ்சளை அடர்ந்த அரக்கு மேல வெச்சோம், பின்வரிசையில கண்ணாடி போட்ட பாட்டிக்கும் தெரியுது.

எதுல செய்யறது

இங்க்ஸ்கேப். 2003-ல இருந்து ஓப்பனா வர்ற, படம் வரையற மென்பொருள், காசு இல்ல, விண்டோஸ் மேக் லினக்ஸ் எதுலயும் ஓடும், தமிழ் எழுத்து உடையாம வரும். அது சேமிக்கற எஸ்.வி.ஜி ஃபைல் 2001-ல இருந்து இணையத் தரநிலையா இருக்கற ஒண்ணு, எந்த கம்பெனி மூடினாலும் ஃபைல் திறக்கும், நோட்பேட்ல திறந்தாக்கூட உள்ள இருக்கற கலர் நம்பரைப் படிக்கலாம். எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது. காசு கட்டற மென்பொருள்ல நல்லா கைவந்த பிள்ளைங்க இருந்தா அவங்களைத் தடுக்காதீங்க, ஆனா கிட்டுக்குள்ள போகற மாஸ்டர் ஃபைல் மட்டும் எஸ்.வி.ஜியாதான் இருக்கணும்னு கறாரா சொல்லிடுங்க. வாரா வாரம் போடற போஸ்டருக்கு போன்ல இருக்கற ஆன்லைன் டிசைன் தளங்களைப் பயன்படுத்தட்டும், லோகோவை பின்னணி இல்லாத பி.என்.ஜியா ஏத்திக்கிட்டா போதும். அந்தத் தளத்தோட ரெடிமேட் படங்களை வெச்சு லோகோவையே செய்யறதுதான் வேணாம், அதே படம் நாளைக்கு ஒரு சலூன் போர்டுலயும் வரும்.

எப்பவும் ரெண்டு ஃபைல் வெச்சுக்கோங்க. ஒண்ணு எழுத்து எழுத்தாவே இருக்கற மாஸ்டர், அடுத்த பேட்ச் திருத்தறதுக்கு. இன்னொண்ணு எழுத்தை உருவமா மாத்தின பிரிண்ட் ஃபைல், இங்க்ஸ்கேப்ல ஆப்ஜெக்ட் டு பாத்னு ஒரு கட்டளை, அதைக் கொடுத்தா எழுத்து வெறும் கோடா மாறிடும், ஃபாண்ட் இல்லாத கடையிலயும் அப்படியே வரும். பிரிண்ட் கடையில வேலை செய்யறவங்க பல பேருக்கு தமிழ் படிக்கத் தெரியாது, கொம்பு இடம் மாறி கொ கெட்டுப் போனாலும் அவங்களுக்கு தப்புன்னு தெரிய வாய்ப்பே இல்ல, அது அவங்க குத்தம் இல்ல. அதனால பி.டி.எஃப் கூட ஒரு படமும் அனுப்புங்க, "இப்படித்தான் வரணும்"னு மலாய்ல எழுதி. வாட்ஸ்ஆப்ல அனுப்பினா போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க, போட்டோவா போனா சுருக்கிடும். கலர் ரொம்ப துல்லியமா வேணும்னா ஸ்கிரைபஸ்ங்கற இலவச பக்க வடிவமைப்பு மென்பொருள்ல கொண்டுபோய் அச்சுக்கான நாலு கலர் மையா மாத்தலாம், நாங்க சர்டிஃபிகேட்டுக்கு மட்டும் அப்படி செய்யறோம், பண்டிங்குக்கு தேவைப்படல. பண்டிங்கை ரோட்டோரமா கட்டணும்னா ஊராட்சி மன்றத்துல அனுமதி எடுக்கணும், மலாய் மொழியும் தெளிவா பெரிசா இருக்கணும், டெம்ப்ளேட்லயே மலாய் வரிக்குன்னு இடம் விட்டு வெச்சிடுங்க.

யாருக்கு என்ன உரிமை

இதை எழுதி வைக்கலைன்னா மேல சொன்னது எதுவும் ஓப்பன் இல்ல. ஒருத்தர் வரைஞ்சா காப்பிரைட் தானா அவருக்கு வந்துடும், பதிவு பண்ணவே தேவையில்ல. மலேசியாவோட 1987 காப்பிரைட் சட்டத்துல, ஒருத்தர் கேட்டு செய்யச் சொன்ன வேலைக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா உரிமை செய்யச் சொன்னவருக்குப் போகும்னு இருக்கு, ஆனா பதிவு செய்யாத ஒரு மாணவர் குழுவுல "செய்யச் சொன்னவர்" யாரு, குரூப் அட்மினா? இந்தக் கேள்விக்கு சண்டை வந்த அப்புறம் பதில் தேடக்கூடாது. வரைஞ்ச பிள்ளைகிட்ட அன்பா உக்காந்து பேசி ஒரு ஈமெயில் வாங்குங்க, நான் வரைஞ்ச இன்ன இன்ன ஃபைலை கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல், அதேவழிப் பகிர்வு 4.0 லைசென்ஸ்ல குடுக்கறேன்னு ரெண்டு வரி. அப்படின்னா யாரும் எடுத்து மாத்தலாம், வரைஞ்சவர் பேரைச் சொல்லணும், மாத்தினதை வெளியிட்டா அதையும் அதே லைசென்ஸ்ல விடணும். வணிகத்துக்கு கூடாதுங்கற வகையை எடுக்காதீங்க, நிதி திரட்ட நாமே டீ சட்டை வித்தா அது வணிகமா இல்லையான்னு நமக்கே குழப்பம் வரும். ஒண்ணு மட்டும் பிள்ளைங்ககிட்ட தெளிவா சொல்லுங்க, ஒரு தடவை இந்த லைசென்ஸ்ல விட்டா திருப்பி வாங்க முடியாது.

அப்போ யாரோ நம்ம லோகோவை எடுத்து காசு வசூல் பண்ணா என்ன பண்றதுன்னு எல்லா கூட்டத்துலயும் கேப்பாங்க, நல்ல கேள்வி. படத்தைக் காப்பி எடுக்கற உரிமை வேற, நம்ம பேர்ல பேசற உரிமை வேற. அந்த லைசென்ஸ்லயே டிரேட்மார்க் உரிமை இதுல அடங்காதுன்னு எழுதியிருக்கு. டெபியன்னு ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், 1993-ல இருந்து தன்னார்வலர்களே நடத்தறாங்க, அவங்க ரெண்டு லோகோ வெச்சிருக்காங்க, ஒரு சுழி எல்லாருக்கும் திறந்தது, இன்னொண்ணு அதிகாரப்பூர்வ வேலைக்கு மட்டும். அதே டெபியன் 2006-ல ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஐஸ்வீசல்னு பேர் மாத்தி குடுத்தாங்க, புரோகிராம் ஓப்பன், ஆனா பேருக்கும் லோகோவுக்கும் வேற விதி. ரெண்டும் தனித்தனின்னு இதை விட நல்லா விளக்க எனக்குத் தெரியல. நாங்களும் ரெண்டா பிரிச்சோம். புள்ளி, கோடு, பேட்டர்ன், டெம்ப்ளேட் எல்லாம் யாருக்கும் திறந்தது. நெட்வொர்க் பேரோட சேந்த முழு லோகோ நம்ம கிளாஸ், நம்ம கடிதம், நம்ம வசூலுக்கு மட்டும்.

பிள்ளைங்களோட போட்டோவை மட்டும் இந்த ஓப்பன் கிட்ல ஒருநாளும் போடாதீங்க. பதினாறு வயசுப் பிள்ளையோட முகம், திருப்பி வாங்க முடியாத லைசென்ஸ்ல, எங்கெங்கோ போய் சேரும். அம்மா அப்பா அனுமதி குடுத்தது நம்ம கிளாஸ் படத்துக்குத்தான். போட்டோ தனி ஃபோல்டர், தனி விதி.

கைமாத்தறது

கிட் ஃபோல்டர் ரொம்ப பெரிசா வேணாம். எங்களுது இப்படி இருக்கு, மாஸ்டர் லோகோ, பிரிண்ட் லோகோ, பி.என்.ஜி, ஃபாண்ட் அதோட லைசென்ஸ் தாளும் சேத்து, அஞ்சு டெம்ப்ளேட், வரைஞ்சவங்க பேரு, அப்புறம் "முதல்ல இதைப் படிங்க"ன்னு ஒரு பக்கம் தமிழ்லயும் மலாய்லயும். ஃபைல் பேர்ல தேதி போடுங்க, ஃபைனல், ஃபைனல் புதுசு, உண்மையான ஃபைனல்னு வெச்சா ஆறு மாசத்துல யாருக்கும் எது எதுன்னு தெரியாது. ஃபோல்டர் நெட்வொர்க்கோட ஈமெயில்ல இருக்கணும், யாரோட யூனி ஈமெயில்லயும் இல்ல, பாஸ்வேர்ட் எப்பவும் ரெண்டு பேர்கிட்ட, அதுல ஒருத்தர் முதல் அல்லது ரெண்டாம் வருஷமா இருக்கணும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, புது செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடி, ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து இதைச் செய்யுங்க. புதுசா சேர்ந்த, டிசைன் தெரியாத ஒரு பிள்ளைகிட்ட ஃபோல்டர் லிங்க் மட்டும் குடுங்க, முக்கால் மணி நேரம், "பட்டர்வொர்த்ல அடுத்த சனிக்கிழமை கணக்கு கிளாஸ்"னு ஒரு போஸ்டர் செய்யச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக்கூடாது, தே தாரே குடிச்சுட்டே அந்தப் பிள்ளை எங்க தயங்குதுன்னு மட்டும் எழுதிக்கோங்க. போன தடவை உக்காந்த தம்பி ஃபாண்ட் எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு தெரியாம பத்து நிமிஷம் நின்னான், அன்னைக்கு ராத்திரியே முதல் பக்கத்துல அதுக்கு மூணு படம் சேத்தோம். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தைத் திருத்தப்போறது அவன்தான், பேரை ஏற்கனவே எழுதியாச்சு.